தெருவாரின் காவலும் அரசின் காசும்

திருடன் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா?

வைதிகரைக் கேட்டால் ‘விதி’ என்பர். சாதியை நம்புவோரைக் கேட்டால் ‘குலம்’ என்பர். ஆளவந்த வெள்ளையரோ அந்த மூட எண்ணத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தனர். 1871-இல் அவர்கள் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், தாயின் மடியில் தவழும் மகவையும் குற்றவாளிக் கூட்டத்தில் ஒன்றாக எண்ணிற்று. இந்தியா முழுவதிலும் அச்சட்டம் ஒழிய 1952 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறப்பின்மீது சுமத்தப்பட்ட இப்பழியை, கண்ணீராலோ கவிதையாலோ அன்றி, கணக்கைக் காட்டியே தகர்த்த நகரம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரமே அது. குற்றத்தைக் குறைக்கத் தெருவாரையே திரட்டும் முயற்சியும் அங்குதான் வேர் விட்டது. அம்முயற்சிக்கு அரசின் கருவூலம் எப்போது திறந்தது, எப்போது அடைத்தது என்ற கதை, சமுதாயத் தொண்டில் இறங்கும் இளைஞர் அனைவரும் அறியத்தக்கது.

சிறார்க்கென்று தனி நீதிமன்றம், அமெரிக்காவிலேயே முதன்முதலாக, 1899-இல் சிகாகோவில் ஏற்பட்டது. ஆண்டுதோறும் அங்கே வழக்கேடுகள் குவிந்தன. கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே என்னும் சமூகவியல் அறிஞர் இருவர் அந்த ஏடுகளை எடுத்தனர். குற்றம் சாட்டப்பட்ட சிறுவன் ஒவ்வொருவனின் வீட்டையும் நகரப் படத்தில் ஒரு புள்ளியாகக் குறித்தனர். 1900 முதல் 1933 வரை, மூன்று காலப் பகுதிகளின் கணக்கை ஒப்பு நோக்கினர்.

படம் பேசிற்று! நகரின் நடுவே, கடைகளும் ஆலைகளும் இருப்புப்பாதையும் நெருக்கும் இடங்களில், இடிந்த வீடுகளில் ஏழைகள் அடைந்து கிடந்த பகுதிகளில், புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. வெளியே செல்லச் செல்ல அவை குறைந்தன. அதனினும் வியப்பு மற்றொன்று. அந்த ஏழைப் பகுதிகளில் முதலில் செருமானியரும் அயர்லாந்தியரும் வாழ்ந்தனர். பின்னர் போலந்தியரும் இத்தாலியரும் வந்தனர். அதன்பின் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தனர். மொழி மாறிற்று, மதம் மாறிற்று, தோலின் நிறமும் மாறிற்று. குற்றத்தின் அளவு மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை! அங்கிருந்து நல்ல பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளிடையே குற்றமும் குறைந்தது. எந்தக் குருதியில் இருந்ததாம் குற்றம்? எந்தக் குலத்தில் ஊறியதாம்? விடையளிக்க வேண்டியவர்கள் வாய் மூடினர்.

நோயைக் கண்டதோடு ஷா நிற்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ‘சிகாகோ வட்டாரத் திட்டம்’ என்ற முயற்சியை மேற்கொண்டார். 1934-இல் அது பதிவு பெற்ற அமைப்பாயிற்று. இரும்பாலைகளின் புகையிலே வாழ்ந்த தென் சிகாகோப் போலந்தியர் குடியிருப்பு, அது முதலில் காலூன்றிய இடங்களுள் ஒன்று. சீமான்கள் வந்து சீர்திருத்தம் செய்து போகும் பழைய முறையை ஷா ஒதுக்கினார். தெருவாரே குழு அமைக்க வேண்டும், தெருவாரே முடிவெடுக்க வேண்டும், தெருவிலே பிறந்தவனே பணியாளனாக வேண்டும் என்றார். சிறை சென்று மீண்டவரையும் பணியில் சேர்த்தார். விளையாட்டுக் கழகங்கள் தோன்றின. கோடை முகாம்கள் நடந்தன. தெரு முனையில் கூடும் சிறுவரோடு பழகவும், பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அவர்களுக்காகப் பரிந்து பேசவும், சிறையிலிருந்து வருவோரை வரவேற்று வாழ்வு தேடித் தரவும் ஆட்கள் இருந்தனர். பணியாளர் ஊதியத்தில் பெரும்பகுதியை இலினாய் மாநில அரசு அளித்தது. எஞ்சியது நன்கொடையாலும் தெருவாரின் திரட்டாலும் வந்தது.

பலன் என்ன? பகுத்தறிவாளர் கேட்டே தீரவேண்டிய கேள்வி இது. 25 ஆண்டுப் பணியை 1959-இல் மதிப்பிட்ட சாலமன் கோப்ரின், குற்றம் இவ்வளவு குறைந்தது என்று ஐயமற அளந்து காட்டுவது கடினம் என்பதை மறைக்கவில்லை. ஆனால், சேரியில் வாழ்வோரால் ஓர் அமைப்பைக் கட்டி நடத்த இயலும் என்பது நிலைநாட்டப்பட்டது. ‘இவர்களுக்கு என்ன தெரியும்’ என்ற ஏளனத்துக்கு அதுவே பதில்.

ஷாவிடம் பணியாற்றிய சால் அலின்ஸ்கி என்பவர் மேலும் ஓரடி எடுத்து வைத்தார். இறைச்சித் தொழிற்சாலைகளின் நிழலில் வாழ்ந்த மக்களைத் திரட்டி 1939-இல் ஒரு மன்றம் கண்டார். தொழிலாளரின் சங்கப் போராட்டத்துக்கும் அதைத் துணையாக்கினார். குற்றத்தின் வேர் வறுமையிலே இருக்க, கூலியைப் பற்றிப் பேசாது குற்றத்தைப் பற்றி மட்டும் பேசுவது எப்படி? இந்தக் கேள்வியே பிற்காலத்தில் அரசினரைக் கலங்க வைத்தது.

1961-இல் கென்னடி ஆட்சி, சிறார் குற்றத் தடுப்புக்கென ஆண்டுக்கு 1 கோடி டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னேறும் வாயில்கள் அடைபட்டதாலேயே இளைஞர் குற்ற வழியை நாடுகின்றனர் என்று 1960-இல் நூல் எழுதிய கிளோவர்டு, ஓலின் ஆகியோரின் கருத்து அதற்கு வழிகாட்டிற்று. 1962-இல் நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் ‘இளைஞர் அணிதிரட்டல்’ என்ற அமைப்பு, 1 கோடியே 25 இலட்சம் டாலர் நிதியோடு தொடங்கப்பட்டது. தொழிற்பயிற்சி தந்தது, சட்ட உதவி தந்தது. அதுவரை பாராட்டு மழை! பின்னர், பழுதான வீட்டுக்கு வாடகை தரமாட்டோம் என்ற குடியிருப்போர்க்கு அது துணை நின்றது. பள்ளியிலே தம் பிள்ளைகள் நடத்தப்படும் விதம் பற்றித் தாய்மார் கேள்வி எழுப்பத் துணை நின்றது. உடனே மழை நின்றது, இடி விழுந்தது! 1964 ஆகஸ்டில், ‘பொதுவுடைமையர் கூடாரம்’ என்று ஒரு நாளேடு குற்றம் சாட்டிற்று. விசாரணைகள் தொடர்ந்தன, தலைமையில் இருந்தோர் விலகினர், அமைப்பின் போர்க்குணம் மங்கிற்று. அது ஈன்ற சட்ட உதவி அமைப்பு மட்டும், பெயர் மாறியும், இன்றும் ஏழைகளுக்காக வழக்காடுகிறது.

தவறே நேரவில்லை என்று கூறுவதும் உண்மையாகாது. 1967-இல் சிகாகோவின் உட்லான் பகுதியில், தெருக் கும்பல்களின் தலைவர்களைக் கொண்டே இளைஞர்க்குப் பயிற்சி தர, ஏறத்தாழ 9 இலட்சத்து 27 ஆயிரம் டாலர் வழங்கப்பட்டது. கணக்கில் முறைகேடு புகுந்தது; 1968-இல் செனட் குழு விசாரித்தது; திட்டம் மூடப்பட்டது. தெருவாரை நம்புவது ஒன்று, தெருவை மிரட்டுவோரிடம் பணப்பையைக் கொடுப்பது வேறு.

அதே 1968-இல் பெருந்தொகை ஒன்று வேறு திசையில் பாய்ந்தது. ‘பாதுகாப்பான தெருக்கள்’ என்ற இனிய பெயரைத் தாங்கிய சட்டத்தின் கீழ் அமைந்த துறை, 1982-இல் மறையும் முன் ஏறத்தாழ 800 கோடி டாலரைச் செலவிட்டது. அதில் பெரும்பங்கு போலீசுக்கும் அதன் கருவிகளுக்கும் சென்றது. தெருவார் அமைப்புகளுக்கென 1977-இல் ஒதுக்கப்பட்டதோ 1 கோடியே 50 இலட்சம்! யானைக்குத் தென்னந்தோப்பு, எறும்புக்குத் தேங்காய்த் துருவலா?

கதை இன்னும் முடியவில்லை. 2000-இல் சிகாகோவின் மேற்கு கார்ஃபீல்டு பூங்காப் பகுதியில், சண்டை மூளுமுன்பே சென்று தணிக்கும் தெருப் பணியாளரைக் கொண்ட திட்டம் தோன்றிற்று. 2007-இல் மாநில நிதி நின்றதும் பணியாளர் பலர் வேலை இழந்தனர். 2022-இல் ஒன்றிய அரசு இத்தகைய தெருப் பணிகளுக்கென ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில், ஆட்சி மாறிய பின், நீதித்துறை அமைச்சகம் பல நூறு மானியங்களை இடையிலேயே நிறுத்திற்று. தெருவாரின் அமைப்புகள் பலவும் அதில் சிக்கின.

தோழர்களே! இவ்வரலாறு கூறும் பாடம் தெளிவு. சிறுவன் ஒருவனைத் திருத்த ஆண்டுகள் ஆகும். அவன் நம்பிக்கையைப் பெறுவதற்கே மாதங்கள் ஆகும். வரவு செலவுத் திட்டத்தின் ஆயுளோ ஓராண்டு! சிறைச்சாலைக்கு, ‘இவ்வாண்டு எத்தனை பேரைத் திருத்தினாய், கணக்கைக் காட்டு, இல்லையேல் பூட்டு’ என்று எவரும் கூறுவதில்லை. தெருவாரின் குழுவுக்கு மட்டும் அந்தக் கட்டளை.

கணக்குக் கேட்கட்டும், ஒளிவின்றிக் காட்டுவோம். பலனை அளக்கட்டும், அளவுகோலை நாமே நீட்டுவோம். ஆனால், வாடகையைப் பற்றி, கூலியைப் பற்றி, பள்ளியைப் பற்றி வாய் திறவாதிருந்தால்தான் காசு என்றால், அந்தக் காசு குற்றத்தைக் குறைக்க வந்ததன்று, குரலைக் குறைக்க வந்தது. அரசின் கருவூலத்தில் இருப்பது ஏழை செலுத்திய வரி. அது அவன் தெருவுக்குத் திரும்பி வருவது பிச்சையன்று, உரிமை!

குலத்திலே குற்றம் இல்லை என்று கணக்குக் காட்டிவிட்டது. குடிசையிலே, கூலியிலே, கல்வி மறுக்கப்பட்ட இடத்திலே அது முளைக்கிறது என்றும் காட்டிவிட்டது. முளைக்கும் இடத்தை அறிந்த பின்னும் கிளையை மட்டும் வெட்டிக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகுமா?