ஊருக்குப் போகும் வழியும் லாம்ப்டன் போட்ட கணக்கும்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், பெங்களூரில் இருக்கும் நம்மில் பலர் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். ஹேண்டில்பாரில் ஒரு ஜி.பி.எஸ். கருவி, இல்லாவிட்டால் செல்போன். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம், நாமக்கல், திருச்சி என்று கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. இந்தக் கோட்டுக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கிறது. அதில் பெங்களூருக்கும் தஞ்சாவூருக்கும் பங்கு உண்டு.

1799, திப்புவுடன் கடைசி யுத்தம். ஜெனரல் பெயர்டு படையோடு இரவில் போகும்போது வழி தவறி எதிரி முகாம் பக்கமே நடந்தார். வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி நட்சத்திரங்களைப் பார்த்து, "நாம் வடக்கே போகிறோம்" என்றார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. காம்பஸை எடுத்துப் பார்த்தால் லாம்ப்டன் சொன்னதுதான் சரி! வானத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது என்பது இன்று நாம் புதிதாகச் செய்யும் காரியமில்லை.

அந்த லாம்ப்டன்தான் தென்னிந்தியாவை அளக்கக் கிளம்பினார். 1800-ல் பெங்களூர் அருகே அடிக்கோடு ஒன்றை அளந்தார். 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு நூறு அடிச் சங்கிலியால் மறுபடி அளந்தார். ஒரு கோட்டின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கில் கொண்டுவந்துவிடலாம். அப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே பெங்களூர் வரை வந்தார். 1804-ல் இங்கே ஒரு கோட்டை நேரடியாக அளந்து சரிபார்த்தபோது, சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை. தினமும் சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் வேர்த்துப்போகிற என்னைப் போன்ற வங்கிக்காரனுக்குத்தான் இதன் அருமை புரியும்.

காவிரி டெல்டாவில் ஏறி நின்று பார்க்க மலை கிடையாது, எங்கு பார்த்தாலும் தென்னையும் பனையும். அதனால் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து லாம்ப்டனே அதைச் சரிசெய்தார். சங்கிலி இழுத்தவர்களும் கொடி பிடித்தவர்களும் நம்மூர்க்காரர்கள். காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

ஜி.பி.எஸ்.ஸிலும் முக்கோணத்தின் தம்பி போன்ற கணக்குதான். லாம்ப்டன் கோணத்தை அளந்தார், இது தூரத்தை அளக்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை அனுப்புகின்றன. நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரியும். நேரத்தில் ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது, 2000 மே மாதம்தான் அதை எடுத்தது. அடுத்தவன் கையில் சுவிட்ச் இருக்கக்கூடாது என்றுதான் இஸ்ரோ 2013-லிருந்து நம் சொந்தக் கோள்களை அனுப்பத் தொடங்கியது. அதன் மையம் ஒன்று நம் பெங்களூரை அடுத்த பியாலாலுவில் இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய அணுக் கடிகாரங்கள் பழுதாகிப்போக, 2023-ல் உள்நாட்டுக் கடிகாரத்தோடு ஒரு கோள் போனது.

கடைசியாக ஒரு விஷயம். நாம் எங்கே நிற்கிறோம் என்று கோள் சொல்லும். எந்த ரோட்டில் போகலாம் என்பது மேப் எழுதியவர் கையில். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்குக்கு அனுமதி இல்லை. கருவியைக் கார் மோடில் வைத்தால் அங்கேதான் கொண்டுபோய் விடும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின இரவே வழியில் நான்கைந்து ஊர்களைப் புள்ளி வைத்து ரூட் போட்டுவிடுங்கள். தொப்பூர் இறக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நேரத்தை வையுங்கள். வீட்டில் நம் வரவைப் பார்த்து வாசலில் நிற்பவர்களுக்கு நாம் அரை மணி முன்னால் வருவது முக்கியமில்லை, வந்து சேர்வதுதான் முக்கியம்.