கார்புரேட்டரும் இன்ஜெக்டரும்: ஒரே வாசலில் இரண்டு வண்டிகள்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்று அப்பா 1999-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 97.2 சிசி, கார்புரேட்டர் வண்டி. ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஓடுகிறது. மற்றது நான் 2021-இல் வாங்கிய 125 சிசி வண்டி, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இரண்டுக்கும் முடிந்தவரை நானே வேலை பார்க்கிறேன். பழைய வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், பி.எஸ்.6 மாசு விதி வந்த பிறகு எதையும் தொடக்கூடாது என்று பலர் சொல்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி வேலை பார்ப்பவனுக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிளெண்டரில் நான் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். நுனி பால் அதிகம் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். சோக் போட்டால் மட்டும் எஞ்சின் ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டி பல நாள் நின்றால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு தங்கும். ஊசி முனை அளவே உள்ள ஜெட்டின் துளையை அடைக்க அது போதும். பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து ஊதினால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். துளைக்குள் கம்பி மட்டும் விடக்கூடாது. ஜெட் பித்தளை, துளை சற்றே அகன்றாலும் மைலேஜ் குறையும். (இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு நகரும். அடுப்பும் பூஜை விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது.)

புதிய வண்டியில் பிளக் தவிர இந்த உறுப்புகள் எதுவும் இல்லை. காக் இல்லை, சோக் இல்லை, ஜெட் இல்லை, திருக ஸ்குரூவும் இல்லை. டேங்குக்குள் இருக்கும் மின்சாரப் பம்பு ஏறத்தாழ 3 கிலோ அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. எத்தனை மில்லி செகண்ட் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்பதை சென்சார்கள் சொல்வதை வைத்து ஈ.சி.யு. என்ற எஞ்சின் கணினி முடிவு செய்கிறது. அந்தப் பம்பின் குழாயைத் தளர்த்தினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். அங்கே வீட்டுக் கைக்கு வேலை இல்லை.

ஆனால் கைவேலை பேட்டரிக்கு இடம் மாறியிருக்கிறது என்பதை நான் இரண்டு வருஷம் கழித்தே புரிந்துகொண்டேன். ஸ்பிளெண்டரின் தீப்பொறிக்கான மின்சாரம் மேக்னட்டிலிருந்து வருகிறது. பேட்டரி முழுதும் செத்தாலும் கிக்கர் உதைத்தால் வண்டி கிளம்பும். புதியதில் பேட்டரி இளைத்தால் பம்பும் ஈ.சி.யு.வும் சேர்ந்து தடுமாறும். எங்கோ பெரிய கோளாறு என்று பயந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களில் பலருக்கு டெர்மினலில் பூத்த பச்சைத் துருதான் காரணமாக இருக்கும். சாவியை அணைத்து, நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி இறுக்கிய பிறகு கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். ஐந்து நிமிட வேலை. அதேபோல் பெட்ரோல். பழைய வண்டியை ரிசர்வ் வரை ஓட்டி, காக்கைத் திருப்பி, பங்க் வரை போவது நம் வழக்கம். புதியதில் பம்புக்குக் குளிர்ச்சி தருவதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அடிக்கடி டேங்கைக் காயவிட்டால் பம்பு சூடேறிக் கெடும். டேங்கில் கால்வாசிக்குக் குறையவிடாமல் இருப்பதும் என் கணக்கில் ஒரு ரிப்பேர்தான், முன்கூட்டியே செய்கிற ரிப்பேர்.

வண்டி கீழே விழுந்தாலும் இரண்டும் இரண்டு விதம். ஸ்பிளெண்டர் விழுந்தால் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் வழியும். நிமிர்த்தி, சற்று நேரம் விட்டு, திராட்டிலைத் திறந்துபிடித்து உதைக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்வை உணரும் சென்சார் உண்டு. விழுந்ததும் அதுவே எஞ்சினை நிறுத்திவிடும். நிமிர்த்திய பிறகும் ஸ்டார்ட் ஆகாது. சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் விடும். இது தெரியாமல் நடுரோட்டில் வேர்த்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தால் ஒரு பைசா செலவில்லை.

புதிய வண்டிக்குத் தன் நோயைத் தானே சொல்லவும் தெரியும். மீட்டரில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கு வெறும் எச்சரிக்கை மட்டும் அல்ல. ஹோண்டா வண்டிகளில் அது எண்களாகக் கண் சிமிட்டும்: ஒரு நீண்ட சிமிட்டல் என்றால் பத்து, ஒரு குறுகிய சிமிட்டல் என்றால் ஒன்று. எட்டு என்றால் திராட்டில் சென்சார், பன்னிரண்டு என்றால் இன்ஜெக்டர். எண் தெரிந்தவுடன் வீட்டில் சரிசெய்துவிட முடியாதுதான். ஆனால் பல சமயம் அந்த உறுப்பு நன்றாகவே இருக்கும். அதன் கனெக்டரில் தண்ணீர் ஏறியிருக்கும், அல்லது எலி ஒயரைக் கடித்திருக்கும். உறுப்பையே மாற்றச் சொல்வதற்கு முன் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்ல ஓர் எண் உதவுகிறது.

ஆயில் மாற்றுவதில் இரண்டு வண்டிக்கும் வேற்றுமை இல்லை. ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வடியவிட்டு, புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் அளவு ஊற்ற வேண்டும். ஸ்பிளெண்டருக்கு ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். என் முதல் முயற்சியில் ஆயில் கசியக்கூடாதே என்ற பயத்தில் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கிவிட்டேன். போல்ட் இரும்பு, எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம், மரை போய்விட்டது. லேத்தில் புது மரை போட ஆன செலவு, நான் மிச்சம் பிடிக்க நினைத்த கூலியைப் போலப் பல மடங்கு. அன்றிலிருந்து விரலால் முடிந்தவரை திருகி, அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறேன். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தெரு முனை ஒர்க்‌ஷாப்பில் அதற்கென்று ஒரு டிரம் இருக்கும்.

பணம் உண்மையில் மிச்சமாவது செயினில். ஆயிலை யார் மாற்றினாலும் ஆயில் விலை அதேதான், கூலி மட்டுமே மிஞ்சும். காய்ந்து தொங்கும் செயினோ இரண்டு ஸ்பிராக்கெட்டுகளின் பல்லையும் தின்றுவிடும், மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். வாரம் ஒரு ஞாயிறு துடைத்து, ஆயில் விட்டு, கையால் தூக்கிப் பார்த்து, ஏறத்தாழ 25 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி இறுக்கினால் அந்தச் செலவு பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போகும். இதில் பழையது, புதியது என்ற பேதமே கிடையாது.

ஏர் ஃபில்டரில் பேதம் உண்டு. அப்பாவின் வண்டியில் இருப்பது நுரை. மண்ணெண்ணெயில் அலசி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். என் வண்டியில் இருப்பது பிசுக்குத் தடவிய காகிதம். அதைக் கழுவினாலும் காற்றடித்தாலும் கெட்டுவிடும், மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டியில் கற்ற நல்ல பழக்கம் புதியதில் கேடாகும் இடம் இது.

டேப்பட்டையும் பிரேக்கையும் நான் மெக்கானிக் அண்ணனிடம் விட்டுவிடுகிறேன். டேப்பட் சத்தம் போட்டால் நாம் இறுக்கத் துடிப்போம். அதிகம் இறுகிய டேப்பட் சத்தமே இல்லாமல் வால்வைக் கருக்கும். பிரேக்கில் தவறு செய்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா விழுவார். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

2022-இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனங்களும் இருந்தன. நான் எதிர்பார்ப்பது சின்ன விஷயம்தான். அப்பாவின் வண்டிக்கு நோய் வந்தால் பிளக் முனையில் நிறமாகத் தெரிகிறது, யாரும் பார்க்கலாம். புதிய வண்டியின் சிமிட்டல் எண்களுக்கான பட்டியல் மெக்கானிக்குகளின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. வண்டியோடு வரும் கையேட்டில் பொதுவாக ‘சர்வீஸ் சென்டரை அணுகவும்’ என்ற ஒற்றை வரிதான். அந்தப் பட்டியலை அச்சிட அரைப் பக்கம் போதும், தமிழில் போட்டாலும்.