சூழலியல் ஆலோசகர்: ஒரு தொழிலின் வரலாறு



ஓர் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டவோ, குன்றைச் சீவி வீடுகள் எழுப்பவோ, கடலோரத்தை மண்ணிட்டு நிரப்பவோ திட்டமிட்டால், முதலில் பொறியாளரும் கணக்காளரும் வருவர். இன்று அவர்களோடு இன்னொருவரும் வருகிறார். அந்த இடத்தில் வாழும் உயிர்கள் எவை, திட்டத்தால் அவற்றுக்கு என்ன நேரும், இழப்பைக் குறைக்க வழி என்ன என்று ஆராய்ந்து அறிக்கை தருபவர் அவர். அவரைச் சூழலியல் ஆலோசகர் என்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தொழிலும் அதற்குரிய பயிற்சியும் எப்படி உருவாயின என்பதை இன்று காண்போம்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர்கள் ஆலோசகர்கள் அல்லர், சேகரிப்பாளர்கள். ஆல்பிரட் ரஸல் வாலஸ் 1854ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தார். புக்கிட் தீமா பகுதியில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அத்தனை வண்டுகள் கிடைத்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? அங்கே மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன; வெட்டுண்ட மரங்களை நாடி வண்டுகள் வந்தன. அதாவது, அன்று அறிவியல் கோடரிக்குப் பின்னால் நடந்து வந்தது. அழிவதற்குப் பெயர் சூட்டியது. அழிக்கலாமா என்று அதை எவரும் கேட்கவில்லை.

வாலஸுக்குத் துணை நின்றவர் அலி என்னும் மலாய் இளைஞர். சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி, பறவைகளைத் தோலுரித்துப் பதப்படுத்தக் கற்றுத் தேர்ந்தார். அந்நாளில் பயிற்சி என்பது இதுவே: ஒருவர் பின்னால் காட்டுக்குள் நடந்து, கண்ணாலும் கையாலும் கற்பது. பிற்காலத்தில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர், உயர்ந்த மரங்களின் கிளைகளைப் பறித்துப் போட, தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்குகளையே பழக்கினார்.

அடுத்து வந்தவர்கள் அளப்பவர்கள். 1929இல் கெப்போங்கில் வன ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1940இல் மலாயா இயற்கைக் கழகம் தோன்றியது. 1980களில் நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 50 ஹெக்டர் நிலம் அளந்து ஒதுக்கப்பட்டது. ஒரு செண்டிமீட்டர் விட்டம் உள்ள சிறு கன்று முதல் வானளாவிய மரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினார்கள். 3 இலட்சத்து 35 ஆயிரம் மரங்கள். 800க்கும் மேற்பட்ட வகைகள்! பொறுமையாக எண்ணிப் பழகுவது எத்தகைய கல்வி என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆனால், எண்ணியறிந்தால் மட்டும் காடு பிழைத்துவிடுமா? ஜொகூர், பகாங் எல்லையில் உள்ள எண்டாவ் ரொம்பின் காட்டைத் தேசியப் பூங்காவாக்கும் எண்ணம் இருந்தபோதே, 1977இல் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் வெட்டுவது நின்றது. இயற்கைக் கழகம் 1985, 1986ஆம் ஆண்டுகளில் அறிவியலாளரையும் தொண்டர்களையும் அங்கு அனுப்பி விரிவாக ஆராயச் செய்தது. 1993இல் ஜொகூர்ப் பகுதி பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் அக்காட்டின் பெருமையாக விளங்கிய சுமத்திரா காண்டாமிருகம் பிழைக்கவில்லை. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

ஆராய்ச்சியைக் கோடரிக்கு முன்னால் கொண்டுவந்தது சட்டமே. மலேசியாவில் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1985இல் அது திருத்தப்பட்டது. 1988 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, குறிப்பிட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமாயிற்று. 2015இல் புதிய ஆணை பழையதற்குப் பதிலாக வந்தது. காட்டை அறிந்தவருக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது அந்த 1988ஆம் ஆண்டிலிருந்துதான்.

இங்கேதான் இத்தொழிலின் பெரிய சோதனையும் இருக்கிறது. ஆலோசகருக்குச் சம்பளம் தருபவர் திட்டத்தை நடத்த விரும்புபவரே. "குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை" என்று எழுத மிகச் சுலபமான வழி, தவறான நேரத்தில் போய்ப் பார்ப்பதுதான். மெராந்தி மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூக்கும். காட்டுவிலங்குகள் பல இரவில்தான் நடமாடும். பகலில் மூன்று நாள் சுற்றி வந்தவருக்கு இவை தெரியுமா?

சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவிலுள்ள செக் ஜாவா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல் பெருகியிருக்கும்போது அங்கே தெரிவது வெறும் தண்ணீர். நீர் நன்கு வற்றும் வேளையில்தான் கடற்புல் வெளியும், நட்சத்திர மீன்களும், கடற்சாமந்திகளும் கண்ணில் படும். 2001இல் அவ்விடத்தை மண்ணிட்டு நிரப்ப ஏற்பாடாகியிருந்தது. தொண்டர்களும் ஆய்வாளர்களும் நீர் வற்றும் வேளை பார்த்துச் சென்று, கண்டவற்றைப் பதிவு செய்து அரசிடம் அளித்தனர். பணி தொடங்கவிருந்த தறுவாயில், அவ்வாண்டு டிசம்பரில் அரசு அதனைத் தள்ளிவைத்தது. சரியான நேரத்தில் சென்று பார்த்ததன் பயன் அது.

மாணவர்களே, இத்துறையை நாடுவோர் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றையும் ஊன்றிப் படியுங்கள். பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் சூழலியலோ வனவியலோ பயிலலாம். மலேசியாவில் மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கச் சுற்றுச்சூழல் துறையில் ஆலோசகராகப் பதிவு பெறவேண்டும். நிலப்படம் வாசிக்கவும், எண்களை ஆராயவும், மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதவும் பழகுங்கள். காட்டோடு வாழும் ஓராங் அஸ்லி மக்களிடமும் மீனவர்களிடமும் அடக்கத்தோடு கேட்டறியுங்கள். பால்மரத் தோட்டத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ வளர்ந்தவர்களுக்கு, மழைக்குப்பின் ஆறு கலங்குவதைக் கண்ட அனுபவமே முதல் பாடம்.

இவற்றையெல்லாம் பட்டம் தரலாம், பழக்கம் தரலாம். கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவை மட்டும் நீங்களேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். அறிக்கை படிக்கப்படும் அறையில் மரத்துக்கும் மீனுக்கும் வாயில்லை. அவற்றுக்காகப் பேசுவது அந்த அறிக்கை ஒன்றே.