தோள்சீலை தந்த துணிவு

மரக்காணத்து உப்பளத்திலே கொளுத்தும் வெயிலில் உப்புச் சுமக்கிறாள் ஒரு பெண். தோளை மூடியிருக்கிறாள், ஏன் மூடினாய் என்று கேட்பார் இல்லை. தென்கோடித் திருவிதாங்கூரிலோ, நாடார் பெண்ணுக்கு அந்த உரிமையும் மறுக்கப்பட்ட காலம் உண்டு! திறந்த மார்பே மேல்சாதிக்குச் செலுத்தும் மரியாதையாம்!

கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1814இல் கர்னல் மன்றோ ஆணையிட்டார். அவர்களோ தோள்சீலையும் அணிந்தனர். பொறுக்குமா ஆதிக்கம்? 1822இல் கல்குளத்தில் தாக்குதல் மூண்டது. சந்தைகளில் சீலைகள் கிழிந்தன. வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1829இல் அரசே தோள்சீலையைத் தடுத்தது. 1858இல் மீண்டும் கலவரம். ஆயினும் சீலையைக் களைய மறுத்தனர் அப்பெண்கள்.

எங்கிருந்து வந்தது இத்துணிவு? பகுத்தறிவாளர் எண்ணிப் பார்க்கட்டும். கோயில் அவளை வாசலுக்கும் வெளியே நிறுத்தியது. பாதிரியார் பள்ளியோ உட்காரவைத்து எழுத்தறிவித்தது. ஆண்டவன் முன் அனைவரும் ஒன்றே என்றது. அவள் அதை மறுமைக்கென்று மூட்டைகட்டி வைக்கவில்லை, தோழர்களே. மறுநாள் சந்தைக்கே உடுத்திச் சென்றாள்!

சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்க, 1859 சூலை 26இல் மன்னர் இணங்கினார். அப்போதும், மேல்சாதிப் பெண்டிர்போல் உடுத்தலாகாது என்றொரு கொக்கி! ஆனால், ஞானமுழுக்குப் பெறாத நாடார் பெண்ணுக்கும் அந்த ஆணை பொருந்தியது.