விஸ்கியுடன் விருந்து: அப்படின்னா என்ன? முந்திரிக்கு அங்கே என்ன வேலை? சாப்பிட்டு முடித்து வண்டி ஓட்டலாமா?

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் வழியில் காடாம்புலியூரைக் கடக்கும் யாருக்கும் அந்த ஊரின் தொழிலைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாலையோரக் கடைகளில் முழுப்பருப்பு, உடைத்த பருப்பு, வறுத்த பருப்பு என எங்கும் முந்திரிதான். பார்களில் சைடு டிஷ்ஷாகப் போகும் இதே முந்திரி, பெருநகர நட்சத்திர ஹோட்டல்களில் இப்போது இன்னொரு வேடமும் போடுகிறது. 'விஸ்கி பேரிங்' என்ற பெயரில் நடக்கும் விருந்துகளில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கடலூர் மாவட்டக்காரர்களுக்கு இப்படியொரு விருந்து என்றால் சென்னைக்கோ புதுச்சேரிக்கோதான் போக வேண்டியிருக்கும். போவது சுலபம். திரும்பி வருவதில்தான் சிக்கல்.

விஸ்கி பேரிங் என்றால் என்ன?

மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்யும் வேலை இங்கே இல்லை. என்ன உணவு, எந்த வரிசையில் வரும் என்பதை ஹோட்டலே முன்கூட்டி முடிவு செய்துவிடும். தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். நான்கைந்து சுற்றாக உணவு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் பொருத்தமான ஒரு விஸ்கி, சிறிய அளவில் கூடவே வரும். வயிறு நிறையக் குடிப்பதல்ல, ருசி பார்ப்பதுதான் நோக்கம் என்பார்கள்.

எதற்கு எது பொருந்தும்?

பொது விதி எளிது: மென்மையானது முதலில், புகை மணம் கொண்டது கடைசியில். வரிசை மாறினால் பின்னால் வருவதன் ருசியே தெரியாது.

முந்திரி, நெய், பாலாடை போன்ற கொழுப்புள்ள உணவுகள் விஸ்கியின் எரிச்சலைத் தணிக்கும். அமெரிக்க போர்பன் பீப்பாயில் ஊறிய விஸ்கியில் இருக்கும் வெனிலா மணத்துக்கு வறுத்த முந்திரி நல்ல ஜோடி. புகை மணமுள்ள விஸ்கிக்குச் சுட்ட இறைச்சியும், ஷெர்ரி பீப்பாய் விஸ்கிக்கு வெல்லம் சேர்த்த இனிப்பும் பொருந்தும்.

நம்ம ஊர்க் காரம்தான் பிரச்சினை. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். அதனால் காரக் குழம்போடு கடுமையான விஸ்கி சேர்ந்தால் நாக்கில் எரிச்சல்தான் மிஞ்சும். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் விரியும். ஐஸ் அதிகமானால் மணம் அடங்கிவிடும்.

இந்திய விஸ்கிக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. இந்தியாவில் மலிவாக விற்கும் பல விஸ்கிகளில் கரும்புச் சக்கைப்பாகிலிருந்து எடுத்த சாராயம் கலந்திருக்கும். தானியத்தில் தயாரித்து, மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊறினால்தான் ஐரோப்பாவில் அதற்கு விஸ்கி என்று பெயர். முளைகட்டிய பார்லியில் தயாரான பெங்களூருவின் அம்ருத், 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகமானது. பிறகு கோவாவின் பால் ஜான் வந்தது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரு வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். இங்கே விஸ்கி சீக்கிரம் முதிர்வதற்கு இந்த வெப்பமே காரணம்.

யார் வேண்டுமானாலும் நடத்தலாமா?

முடியாது. தமிழ்நாட்டில் ஹோட்டல்களுக்கு எஃப்.எல்.3 உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத உணவகமோ பண்ணை வீடோ கட்டணம் வாங்கி மது பரிமாறினால் அது சட்டவிரோதம். வயது வரம்பு தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18. விருந்து பிடித்துப்போய் புதுச்சேரியில் பாட்டில் வாங்கித் திரும்பினால் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பாயும். கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நடக்கும் பறிமுதல்கள் அடிக்கடி செய்தியாவது இதனால்தான்.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

உணவுக்கு ஜிஎஸ்டி, மதுவுக்கு மாநில வாட் வரி. இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சாப்பிட்டு முடித்து வண்டி ஓட்டலாமா?

கூடாது. 'ருசி பார்த்தேன், அவ்வளவுதான்' என்பது இங்கே எடுபடாது. கணக்கைப் பாருங்கள்.

* 42.8 சதவீத விஸ்கி 30 மி.லி. என்றால் சுமார் 10 கிராம் ஆல்கஹால்.
* நான்கு சுற்றுக்கு 120 மி.லி., அதாவது 40 கிராம். நம்ம ஊர்க் கணக்கில் கட்டிங்குக்கு மேல், குவாட்டருக்குக் கீழ்.
* உடல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்.

அதாவது முழுவதும் கரைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். நன்றாகச் சாப்பிட்டால் போதை மெதுவாக ஏறும். உள்ளே போன ஆல்கஹால் குறையாது. காபி, மோர், குளியல் எதுவும் இந்த நேரத்தைச் சுருக்காது.

சட்டம் அனுமதிப்பது 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மட்டுமே. தாண்டினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை சிறை. விபத்து நேர்ந்தால், வண்டியின் சேதத்துக்கான காப்பீடும் கைவிட்டுப் போகலாம். புதுச்சேரியிலும் இதே சட்டம்தான்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு சுற்றுக்கு 15 மி.லி.-யா, 30 மி.லி.-யா? மது வேண்டாத குடும்பத்தினருக்கு உணவு மட்டும் தனி விலையில் கிடைக்குமா? திரும்புவதற்கு டிரைவர் ஏற்பாடு உண்டா? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால் குடிக்காத ஒருவரைக் கூட்டிப்போவதோ, அங்கேயே தங்குவதோதான் வழி.

எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. குடிப்பழக்கத்திலிருந்து விடுபட நினைப்பவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் உதவி பெறலாம்.