கிளை அலுவலகத்தின் டொமைன் சர்வர்: அதிகாரம் பகிரப்பட்ட வரலாறு

ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் ஊழியர்களின் பயனர் கணக்குகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்த் தொகுக்கும் எல்லைக்கு டொமைன் என்றும், அக்கணக்குகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒருவர் தரும் பெயரும் கடவுச்சொல்லும் சரிதானா என்று பார்த்து உள்ளே விடும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்றும் பெயர். இச்சர்வரைத் தலைமை அலுவலகத்தில் நிறுவுவது ஓரளவு எளிய பணியே. தொலைவில், வேகம் குறைந்த இணைப்பின் மறுமுனையில், கணினி வல்லுநர் எவரும் இல்லாத கிளையில் அதை நிறுவ முற்படும்போதுதான், பட்டியலில் எவ்வளவை, எத்தகைய அதிகாரத்துடன் அங்கே ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தது. 1993 முதல் 2008 வரையிலான காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இக்கேள்விக்கு மூன்று வேறுபட்ட விடைகளை அளித்தது.

அதற்கு முன் அலுவலக வலையமைப்புகளில் பரவலாக இருந்த நாவெல் நிறுவனத்தின் நெட்வேரில், பைண்டரி எனப்பட்ட கணக்குப் பட்டியல் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக இருந்ததால், மூன்று சர்வர்களைப் பயன்படுத்தும் ஊழியருக்கு மூன்று கணக்குகள் தேவைப்பட்டன. இந்நிலையை மாற்றி, வலையமைப்பு முழுவதற்கும் பொதுவான ஒரே பட்டியலை, அதாவது அடைவை, நாவெல் 1993இல் நெட்வேர் 4.0 வழியாகக் கொண்டுவந்தது.

அதே ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் என்டி, மைக்ரோசாஃப்டின் முதல் விடையாக, டொமைன் ஒன்றுக்கு ஒரே ஒரு முதன்மைக் கன்ட்ரோலரை வைத்து, புதிய கணக்கு, கடவுச்சொல் மாற்றம் முதலிய எல்லாவற்றையும் அதில் மட்டுமே எழுத இடமளித்தது. கிளைகளில் வைக்கப்பட்ட துணைக் கன்ட்ரோலர்கள் பட்டியலின் படிக்க மட்டுமே இயலும் நகலைக் கொண்டிருந்தன. இணைப்பு அறுந்தாலும் கிளை ஊழியர்கள் உள்ளூர் நகலைக் கொண்டு உள்நுழைய முடிந்தது. ஆனால் கடவுச்சொல்லை மாற்றவேண்டுமெனில் இணைப்பு மீளும்வரை காத்திருக்க நேர்ந்தது. நிறுவும்போதே துணைக் கன்ட்ரோலர் முதன்மைச் சர்வரைத் தொடர்புகொண்டாக வேண்டும் என்பதாலும், ஒரு டொமைனில் சேர்ந்த கன்ட்ரோலரை வேறொரு டொமைனுக்கு மாற்ற மென்பொருளை முதலிலிருந்து நிறுவவேண்டும் என்பதாலும், தொடக்கத்தில் செய்யும் சிறு பிழைக்கும் பெரும் உழைப்பு செலவானது.

இவ்வமைப்பின் எல்லை பெரிய நிறுவனங்களில் விரைவில் வெளிப்பட்டது. கணக்குப் பட்டியல் 40 மெகாபைட்டைத் தாண்டாமல் இருப்பதே பரிந்துரைக்கப்பட்ட அளவு என்பதால், பல நிறுவனங்கள் டொமைன்களைப் பெருக்கி, ஒன்றின் பயனரை மற்றொன்று ஏற்பதற்கான நம்பிக்கை உறவுகளால் அவற்றை இணைத்தன. அவ்வுறவு ஒருவழிப்பட்டது, ஒரு டொமைனிடமிருந்து அடுத்ததற்குத் தானாகக் கடத்தப்படாதது. ஆகவே பத்து டொமைன்கள் ஒன்றையொன்று முழுமையாக நம்ப 90 உறவுகளைத் தனித்தனியே அமைக்கவேண்டியிருந்தது.

2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000, ஆக்டிவ் டைரக்டரி என்னும் அடைவின் வழியே இரண்டாம் விடையை அளித்தது. சில தனிப் பொறுப்புகள் நீங்கலாக எல்லாக் கன்ட்ரோலர்களும் சமமாயின. கிளைச் சர்வரிலேயே எழுதப்பட்ட மாற்றம் மற்றவற்றுக்குப் பரவியது. எங்கே வேகமான இணைப்பு முடிந்து மெதுவான இணைப்பு தொடங்குகிறது என்பதை உணர்த்த, ஐபி முகவரி வரம்புகளால் வரையறுக்கப்படும் சைட் என்னும் பிரிவு ஏற்பட்டது. சைட்டுகளுக்கு இடையே மாற்றங்கள் சுருக்கப்பட்டு, இயல்பாக 180 நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பப்பட்டன. ஊழியரின் கணினி தனக்கு அருகிலுள்ள கன்ட்ரோலரைப் பெயர்த் தீர்வுச் சேவையான டிஎன்எஸ்ஸின் பதிவுகளைக் கொண்டு கண்டறிந்ததால், புதிய கிளையின் முகவரி வரம்பை உரிய சைட்டுடன் சேர்க்க மறந்தால், அருகிலேயே சர்வர் இருந்தும் உள்நுழைவுக் கோரிக்கை தொலைதூரச் சர்வருக்குச் செல்லக்கூடும். எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தில் உருவான கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறையும் அப்போது ஏற்கப்பட்டது. அது நேர முத்திரைகளை நம்பி இயங்குவதால், கணினிக் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் உள்நுழைவு மறுக்கப்படலாம்.

சமத்துவத்துக்கும் விலை இருந்தது. அடைவு முழுவதும் கிளைக்கு வந்துசேரவேண்டும். 1 ஜிகாபைட் தரவு 64 கிலோபிட் இணைப்பில் செல்ல, சுருக்கம் ஏதுமின்றி, ஏறத்தாழ 35 மணி நேரம் பிடிக்கும். எனவே சர்வரைத் தலைமை அலுவலகத்திலேயே முழுமையாக அமைத்துப் பெட்டியில் கட்டிக் கிளைக்கு அனுப்புவது ஒரு வழக்கமாயிற்று. விண்டோஸ் சர்வர் 2003, அடைவின் காப்பு நகலை வட்டிலோ நாடாவிலோ கொண்டுசென்று நிறுவி, அதன்பின் நேர்ந்த மாற்றங்களை மட்டும் இணைப்பின் வழியே பெற வழிசெய்தது.

எஞ்சிய சிக்கல் பூட்டைப் பற்றியது. சம அதிகாரமுள்ள ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் டொமைனின் எல்லாப் பயனர்களுக்குமான கடவுச்சொற்களின் குறியாக்க வடிவம் இருந்ததால், கிளையின் பூட்டப்படாத அறையிலிருந்து ஒரு சர்வர் களவுபோனால் நிறுவனம் முழுவதும் ஆபத்துக்குள்ளானது. 2008இல் வந்த விண்டோஸ் சர்வர், மூன்றாம் விடையாக, படிக்க மட்டுமே இயலும் டொமைன் கன்ட்ரோலரை அறிமுகப்படுத்தியது. தனக்கே உரிய சில கணக்குகளின் கடவுச்சொற்களைத் தவிர, நிர்வாகி அனுமதித்தவர்களுடையவை மட்டுமே அதில் தங்கும். களவு நேர்ந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். அடைவின் மீது அதிகாரம் தராமலேயே, அந்த ஒரு சர்வரைப் பராமரிக்கும் உரிமையைக் கிளை ஊழியருக்கு வழங்கவும் முடிந்தது.

இவ்வாறு கிளையின் நகல் 2008இல் மீண்டும் படிக்க மட்டும் உரியதாக மாறிற்று எனினும், காரணம் முற்றிலும் வேறாக இருந்தது. என்டி காலத்தில் பல இடங்களில் எழுதப்படும் மாற்றங்களை ஒத்திசைக்கும் ஏற்பாடு அவ்வமைப்பில் இடம்பெறவில்லை. 2008இல் அந்த ஏற்பாடு இருந்தும், கிளை அறையின் பாதுகாப்பை நம்ப இயலாமையால் அதிகாரம் திரும்பப் பெறப்பட்டது. வேகமான இணைப்புகளும் மேகக் கணிமைச் சேவைகளும் பரவிய பின் பல கிளைகள் உள்ளூர்க் கன்ட்ரோலரையே கைவிட்டுள்ளன. இன்று புதிய கிளையைத் திட்டமிடுவோர், இணைப்பு அறுந்தால் எவ்வளவு நேரம் பணி நிற்கலாம், சர்வர் அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்தால், அங்கே எவ்வகைச் சர்வர் வேண்டும், அல்லது சர்வரே வேண்டுமா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.