57ஆம் தெருவில் ஒரு சுவர்



நினைவுச் சொற்பொழிவு என்றாலே நாம் எழுத்தைப் பற்றித்தான் பேசி வந்திருக்கிறோம். இம்முறை ஓவியக் கண்காட்சிகளின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். எழுதியதைத் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடலாம். வரைந்ததைக் காட்டச் சுவர் வேண்டும். சுவருக்கு வாடகை வேண்டும். சுவர் யார் கையில் இருக்கிறதோ, எது கலை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் அவர் கைக்குப் போய்விடுகிறது. இந்த அதிகாரத்தோடு மோதிய சிறிய கலைக்கூடம் ஒன்று நியூயார்க்கில் இருந்தது. பெயர் 'ஜஸ்ட் அபவ் மிட்டவுன்', சுருக்கமாக ஜாம்.

நமக்கு ஏன் நியூயார்க்? 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அரசியலிலும் எழுத்திலும் தொடர்ந்த இந்த உறவை ஓவியத்தின் பக்கம் நாம் அவ்வளவாகத் தேடிப் பார்க்கவில்லை.

1969 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹார்லெம் பகுதியைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. கறுப்பின மக்களின் புகைப்படங்கள் சுவர் சுவராக இருந்தன. கறுப்பின ஓவியர் ஒருவரின் ஓவியமோ சிற்பியின் சிற்பமோ இல்லை. பென்னி ஆண்ட்ரூஸ் உள்ளிட்ட கலைஞர்கள் வாசலில் பதாகை ஏந்தி நின்றார்கள். நம்மைப் பற்றிய படம் உள்ளே. படைப்பவர்களாகிய நாம் வெளியே. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

ஐந்து ஆண்டுகள் கழித்து, ஹார்லெமின் ஸ்டூடியோ மியூசியத்தில் பணியாற்றிய லிண்டா குட் பிரையன்ட் என்ற இளம்பெண், ஓவியர் டேவிட் ஹாமன்ஸிடம் நியூயார்க்கில் ஏன் உங்கள் கண்காட்சியே இல்லை என்று கேட்டார். வெள்ளையர் கூடங்களில் நான் காட்டுவதில்லை என்றார் அவர். அப்படியானால் நானே ஒரு கூடம் தொடங்க வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார் பிரையன்ட். அப்போது அவருக்கு வயது 25. தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். 1974 நவம்பரில் ஜாம் திறந்தது.

ஜாம் ஹார்லெமில் அமையவில்லை. மேற்கு 57ஆம் தெரு, 50ஆம் எண் கட்டடத்தில், பணக்கார வெள்ளையர் கலைக்கூடங்களின் நடுவில் அமைந்தது. மாதம் 1,000 டாலர் கேட்ட இடத்தை 300 டாலருக்குப் பேசி முடித்ததாக பிரையன்ட் சொல்லியிருக்கிறார். ஊரின் நடுத்தெருவில் வாசல் திறப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1975இல் ஹாமன்ஸின் கண்காட்சி. உடலில் எண்ணெய் பூசித் தாளில் பதித்த அவருடைய படங்களுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அவரோ எண்ணெய்க் கறை படிந்த பழுப்புத் தாள் பைகளையும், தின்று போட்ட இறைச்சி எலும்புகளையும், கறுப்பின மக்களின் தலைமுடியையும் கொண்டுவந்து வைத்தார். இது கலையா என்று கறுப்பினப் பார்வையாளர்களே வாதாடினார்கள். 1977இல் செங்கா நெங்குடி, மணல் நிரப்பிய பழைய காலுறைகளை இழுத்துக் கட்டிப் பெண்ணுடலின் பாரத்தைக் காட்டினார். இழிவென்று ஒதுக்கியதையே கைப்பொருளாக எடுப்பது எப்படி என்று பறையைக் கையில் எடுத்த நமக்குத் தெரியும்.

1980இல் ஜாம் டிரைபெக்காவுக்கு இடம் மாறியது. திறப்பு விழாக் கண்காட்சிக்கு லொரெய்ன் ஓ'கிரேடி அழைப்பின்றி வந்தார். 180 ஜோடி வெள்ளைக் கையுறைகளால் தைத்த கவுன், தலையில் கிரீடம், கையில் சாட்டை. கறுப்பினக் கலைஞர்கள் அடக்க ஒடுக்கமாக இருந்தது போதும், துணியுங்கள் என்று அவர்கள் கூடத்திலேயே முழங்கினார். அடுத்த ஆண்டு அதே வேடத்தில் வெள்ளையர் நிறுவனத்துக்கும் போனார். முதலில் சொந்த வீட்டில் கேட்டார், பிறகு அயல்வீட்டில். இந்த வரிசையை நாம் மனத்தில் வைக்க வேண்டும். நம் மேடைகளில் நம்மையே கேள்வி கேட்பவரை துரோகி என்று எத்தனை முறை இறக்கிவிட்டிருக்கிறோம்?

வாடகைப் பாக்கியும் கடனும் கடைசிவரை விடவில்லை. 1986இல் கூடம் மூடப்பட்டது. 36 ஆண்டுகளுக்குப் பின், 2022இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஜாமின் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்தது. பாக்கி கேட்டு வந்த கடிதங்களும் அங்கே சுவரில் ஏறின. 57ஆம் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது அந்த அருங்காட்சியகம். கடன் சிறிய கூடத்துக்கு, பெருமை பெரிய நிறுவனத்துக்கு என்ற கணக்கை நாம் கவனிக்காமல் விட முடியாது.

ஆனால் ஒன்று: தாள்களை வைத்திருந்ததால்தான் வரலாறு மிஞ்சியது. 2018இல் சென்னையில் தொடங்கிய 'வானம்' கலைத் திருவிழா முதல், சிற்றூர்களில் வாடகை மண்டபத்தில் இரண்டு நாள் நடக்கும் ஓவியக் காட்சி வரை, நமக்கும் சுவர்கள் உருவாகிவருகின்றன. மாணவர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அழைப்பிதழ், மண்டப ரசீது, புகைப்படம், பார்வையாளர் குறிப்பேடு எதையும் எறியாதீர்கள்; தேதியிட்டு வையுங்கள். நாளை நம் கதையை எந்த நிறுவனம் சொல்ல வந்தாலும், நம்மிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஜெய் பீம்.